கேளுங்கள் சொல்கிறோம்: ரெஸ்லிங் கம்பனிகள் ஆளை ஏற்றுவதும் இறக்குவதும்

இந்த முறை முழுப் பகுதியும் ரெஸ்லிங்கிற்கே போய்விட்டது. வந்த கடிதங்கள் அப்படி. பெரும்பாலானவற்றில் ஒரே ஆதங்கம்: “எங்களுக்குப் பிடித்தவரை ஏன் இப்படிப் பாழாக்குகிறார்கள்?”

வெற்றி, தோல்வி முன்கூட்டியே எழுதப்பட்டது என்று தெரியும். அப்படியானால் ஒருவரைக் கம்பனி ‘அமுக்குகிறது’ என்று எதை வைத்துச் சொல்வது?
– வாசகர், ஹட்டன்

தோல்வியை வைத்துச் சொல்ல முடியாது. டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்ற அமெரிக்கக் கம்பனி வருடத்துக்கு ஒரு முறை நடத்தும் பெரிய நிகழ்ச்சி ரெசில்மேனியா. 1997 ரெசில்மேனியா 13இல் ஸ்டீவ் ஒஸ்டின், பிரெட் ஹார்ட்டிடம் தோற்றார். முகமெல்லாம் இரத்தம், ஷார்ப்ஷூட்டர் பிடியில் கிடந்தும் ‘விடு’ என்று கையைத் தட்டவில்லை, மயங்கித்தான் விழுந்தார். உள்ளே வரும்போது வில்லனாக வந்தவர், போகும்போது நாயகனாகப் போனார். அந்தத் தோல்விதான் அவரை மேலே தூக்கியது.

இதற்கு நேர்மாறு 2012 ரெசில்மேனியா 28. டேனியல் பிரையன் உலக சாம்பியனாக வந்து, ஷேமஸின் ஒரே உதையில் 18 நொடியில் பட்டத்தை விட்டார். காசு கொடுத்து வந்தவர்கள் இருக்கையில் சரியாக உட்காருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. மறுநாள் அரங்கம் முழுக்க அவருடைய “யெஸ்! யெஸ்!” கோஷம். சனம் யார் பக்கம் என்று அன்றே தெரிந்தது. ஆனால் 2014 ஜனவரியில் ரோயல் ரம்பிளை (30 பேர் மோதும் ஆட்டம், வென்றவருக்கு ரெசில்மேனியாவில் பட்டத்துக்கு மோத வாய்ப்பு) பட்டிஸ்டாவுக்குக் கொடுத்து, அரங்கம் கூச்சல் போட்டு, அதே மாதம் முன்னணி வீரர் சி.எம். பங்க்கும் கோபித்துக்கொண்டு வெளியேறிய பிறகுதான் பிரையனுக்கு ரெசில்மேனியா 30இன் கடைசி ஆட்டம் கிடைத்தது. அதாவது, கம்பனி தூக்கிவிடவில்லை. சனம் தூக்கியதைத் தடுக்க முடியாமல் போனது.

வீட்டில் இருந்தபடியே கவனிக்கச் சில விடயங்கள் உண்டு. அவருடைய பாட்டும் நடந்து வரும் காட்சியும் முழுதாகக் காட்டப்படுகின்றனவா, அல்லது விளம்பரம் முடிந்து பார்த்தால் ஏற்கெனவே ரிங்கில் நிற்கிறாரா? ஆட்டம் நடக்கும்போது வர்ணனையாளர்கள் அவரைப் பற்றிப் பேசுகிறார்களா, அல்லது அடுத்து வரப்போகும் பெரிய ஆட்டத்தைப் பற்றியா? தோற்றால் நேருக்கு நேர் 3 எண்ணிக்கை வாங்கித் தோற்றாரா, வெளியிலிருந்து ஒருவர் குறுக்கிட்டதால் தோற்றாரா? இரண்டாவது வகைத் தோல்வி ஆளைக் காப்பாற்றும். பழி குறுக்கிட்டவர் மேல் போய்விடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் அடுத்த வாரம். தோற்றவர் மைக் பிடித்துப் பதில் சொல்கிறாரா, தோற்கடித்தவரைப் பின்னாலிருந்து தாக்குகிறாரா, அல்லது அப்படி ஒன்று நடக்காதது போல இன்னொருவரிடம் தோற்க வருகிறாரா? மூன்றாவது வகை இரண்டு, மூன்று வாரம் தொடர்ந்தால் அவர் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

2017இல் ஜின்டர் மஹால் சாம்பியன் ஆனபோது ‘நம்ம ஆள்’ என்று கொண்டாடினோம். வருடம் முடிவதற்குள் இறக்கிவிட்டார்களே! நிறப் பாகுபாடுதானே?
– வாசகர், பண்டாரவளை

இறக்கியதைவிட ஏற்றிய விதத்தைப் பாருங்கள், கோளாறு அங்கேதான். மஹால் கனடாவின் கல்கரியில் பிறந்த பஞ்சாபி. 2014இல் வேலையை இழந்து 2016இல் திரும்பி வந்தவர். வந்த பிறகும் மற்றவர்கள் ஜெயிப்பதற்காகத் தோற்பதுதான் வேலை. 2017 ஏப்ரலில் திடீரென்று 6 பேர் போட்டியில் வென்றார். மே 21ஆம் திகதி ரெண்டி ஓர்டனைத் தோற்கடித்து டபிள்யூ.டபிள்யூ.ஈ. சாம்பியன். நேற்று வரை எல்லோரிடமும் தோற்றவர் இன்று எல்லோரையும் வெல்கிறார் என்றால் இடையில் ஒரு காரணம் காட்ட வேண்டும். காட்டவில்லை. இந்தியச் சந்தை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

சாம்பியன் ஆன பிறகாவது சரி செய்திருக்கலாம். நடுத்தட்டு வீரர்கள் மூன்று, நான்கு பேரை அவர் சொந்தக் கையால், யார் உதவியும் இல்லாமல், பத்துப் பன்னிரண்டு நிமிட ஆட்டங்களில் வென்றிருந்தால் சனம் நம்பியிருக்கும். அதற்குப் பதிலாக அவருடைய கூட்டாளிகளான சிங் சகோதரர்கள் ஒவ்வொரு முறையும் குறுக்கே விழுந்து காப்பாற்றினார்கள். ஜூலையில் மூங்கில் கூண்டு ஆட்டத்திற்குப் பழைய இந்திய வீரர் கிரேட் காலியே வர வேண்டியிருந்தது. வில்லன் சாம்பியன் ஏமாற்றி ஜெயிக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் ஏமாற்றாமலும் ஜெயிக்கக்கூடியவர் என்ற பயம் இருந்தால்தான் ஏமாற்றுவது எரிச்சலூட்டும். இல்லாவிட்டால் சலிப்புத்தான். பேசக் கொடுத்த வசனமோ அதைவிட மோசம். ஜப்பானியரான நகமுராவின் முகத்தையும் பேச்சையும் கேலி செய்ய வைத்து, கம்பனியே கண்டனம் வாங்கிக்கொண்டது.

நவம்பர் 7ஆம் திகதி மன்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்ஸிடம் பட்டம் போனது. டிசம்பரில் புதுடில்லியில் இரண்டு நாள் நடக்கவிருந்த நிகழ்ச்சி ஒரு நாளாகச் சுருங்கியது. அங்கே மஹாலை வென்றவர் யார் தெரியுமா? ட்ரிபிள் எச், கம்பனியின் நிர்வாகி. எந்தச் சனத்துக்காக இவரைச் சாம்பியன் ஆக்கினார்களோ, அந்தச் சனத்தின் முன்னாலேயே தோற்க வைத்தார்கள்.

நிறம் பார்த்தார்களா என்று கேட்டீர்கள். ஏற்றும்போதே ஊரைத்தான் பார்த்தார்கள், ஆளைப் பார்க்கவில்லை என்பதே எங்கள் கருத்து.

தோல்வியே காணாத ஒருவரை எப்போது தோற்க வைப்பது சரி? கோல்ட்பேர்க் விடயத்தில் என்ன பிழை நடந்தது?
– வாசகி, தலவாக்கலை

தோற்கடிப்பவருக்கு அந்த வெற்றி தேவையாக இருக்கும்போது. அதோடு, அவரை வைத்து அடுத்த ஆறு மாதத்துக்குக் கதை கையில் இருக்கும்போது.

கோல்ட்பேர்க் 1997 செப்டெம்பரில், அப்போது மக்மேனின் கம்பனிக்குப் போட்டியாக இருந்த டபிள்யூ.சி.டபிள்யூ.வில் அறிமுகமானார். (வின்ஸ் மக்மேன்தான் இன்றைய டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் அந்நாள் முதலாளி.) உள்ளே வந்து, இரண்டு அடி அடித்து, இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டுப் போவார். அவ்வளவுதான் சரக்கு; அதற்கு அவ்வளவே போதும். 1998 ஜூலை 6இல் அட்லாண்டாவின் ஜோர்ஜியா டோமில் ஹல்க் ஹோகனை வென்று சாம்பியன் ஆனார். அந்த ஆட்டத்தைச் சாதாரண வாராந்த நிகழ்ச்சியில் இலவசமாகக் காட்டினார்கள். தனிக் கட்டணம் வாங்கிக் காட்டியிருந்தால் மில்லியன் கணக்கில் டொலர் வந்திருக்கும். ஒரு வார ரேட்டிங்கிற்காக அதை விட்டார்கள்.

டிசம்பர் 27இல் கெவின் நாஷிடம் முதல் தோல்வி. ஸ்கொட் ஹோல் மின்சார அதிர்ச்சிக் கருவியால் குத்த, நாஷ் வென்றார். இதுவரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம், கோல்ட்பேர்க் பழிவாங்கத் திரும்பி வருவார் என்றால். ஆனால் எட்டே நாளில், 1999 ஜனவரி 4இல், ஹோகன் விரலால் நெஞ்சில் ஒரு குத்துக் குத்த, நாஷ் தடாலென்று விழுந்து படுத்து, பட்டத்தைக் கொடுத்துவிட்டார். ஒரு வருடத்துக்கு மேல் கட்டிய மதிப்பெல்லாம், அது கொஞ்சமும் தேவையில்லாத ஹோகன் கையில்.

அன்றிரவே இன்னொரு வேலையும் பார்த்தார்கள். எதிர்க் கம்பனியின் பதிவு செய்த நிகழ்ச்சியில் மிக் ஃபோலி பட்டம் வெல்லப் போகிறார் என்று தங்கள் வர்ணனையாளரை விட்டு நக்கலாகச் சொல்ல வைத்தார்கள். கேட்ட சனம் அதைப் பார்க்கச் சனலை மாற்றிவிட்டது! 2001 மார்ச்சில் டபிள்யூ.சி.டபிள்யூ.வை வின்ஸ் மக்மேன் வாங்கினார்.

அண்டர்டேக்கரின் 21 ரெசில்மேனியா வெற்றிகளை 2014இல் பிரொக் லெஸ்னர் முடித்ததற்கு இன்றும் பலருக்கு ஆத்திரம். ஆனால் அந்த வெற்றியை வீணாக்கவில்லை. நான்கு மாதத்தில் லெஸ்னர், ஜோன் சீனாவை 16 முறை ஜெர்மன் சுப்ளெக்ஸ் (பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துத் தலைக்கு மேலாக வீசுவது) போட்டுத் துவைத்தபோது, யாரும் நம்ப முடியாது என்று சொல்லவில்லை.

ரோமன் ரெயின்ஸை ஒரு காலத்தில் எல்லோரும் திட்டினோம். அதே ஆளைப் பிறகு எப்படி ரசித்தோம்?
– வாசகர், மஸ்கெலியா

2015 ரோயல் ரம்பிளில் ரொக் பக்கத்தில் வந்து கையைத் தூக்கிவிட்டும் ஃபிலடெல்ஃபியா கூட்டம் அவரைத் திட்டித் தீர்த்தது. சனம் வேண்டாம் என்கிறது, கம்பனி திணிக்கிறது. ஐந்து வருடம் இப்படியே போனது. 2020இல் பெருந்தொற்றால் சில மாதம் திரையிலேயே இல்லை. கவ்வாத்து வெட்டிய மலையைக் கொழுந்து எடுக்காமல் விட்டுவைப்பது போல அது நல்லதாகப் போயிற்று. ஓகஸ்டில் வில்லனாக, அவருக்காகப் பேசும் போல் ஹேமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். சிரித்து நல்லவனாக நடிக்கத் தேவையில்லை, ஆறுதலாகப் பேசலாம், கோபப்படலாம். 1,316 நாள் பட்டம் அவரிடம் இருந்தது. கடைசியில் 2024இல் கோடி ரோட்ஸிடம் தோற்றதும் அதே ஃபிலடெல்ஃபியாவில்தான்.

ஒருவரை விலக்கினால் மறுநாளே வேறு கம்பனிக்குப் போகலாமா?
– வாசகர், நானுஓயா

பெரும்பாலும் முடியாது. டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் முதன்மை அணியில் இருந்து விலக்கப்பட்டவர் வழக்கமாக 90 நாள் வேறெங்கும் தொலைக்காட்சியில் தோன்ற முடியாது. அந்தக் காலத்துக்குச் சம்பளம் உண்டு. ஒப்பந்தம் தானாக முடிந்தால் இந்தத் தடை இல்லை. 2019 ஏப்ரல் கடைசியில் டீன் அம்புரோஸின் ஒப்பந்தம் முடிந்தது. மே 25இல் ஜோன் மொக்ஸ்லி என்ற பெயரில் போட்டிக் கம்பனியான ஏ.ஈ.டபிள்யூ. மேடையில் நின்றார். பழைய பெயர் பழைய கம்பனிக்குச் சொந்தம். சட்டப்படி இவர்கள் ஊழியர்கள் அல்ல, சுயாதீன ஒப்பந்தக்காரர்கள். நம்மூர்க் கணக்கில், ஈ.பி.எப். இல்லாத வேலை.

தம்பிக்கு 19 வயது, நல்ல உடம்பு. ரெஸ்லர் ஆகியே தீருவேன் என்கிறான். மெத்தை போட்டு நண்பர்களோடு பழகுகிறான். என்ன செய்யலாம்?
– வாசகி, பதுளை

முதலில் மெத்தையை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உண்மையான ரிங் ஒரு பக்கம் ஏறக்குறைய 20 அடி. இரும்புச் சட்டம், மேலே பலகை, மெல்லிய நுரை விரிப்பு, கன்வஸ். பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். சீமெந்துத் தரையில் போட்ட மெத்தை கொடுக்காது. பயிற்சிப் பள்ளியில் ஆரம்பத்தில் சொல்லித் தருவதே விழுவதைத்தான்: நாடி நெஞ்சோடு ஒட்ட வேண்டும், முதுகின் மேற்பகுதி தட்டையாகப் பட வேண்டும், இரண்டு கையும் உள்ளங்கை கீழாகப் பக்கவாட்டில் ஒரே நேரத்தில் அறைய வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டு போகும். தலை பின்னால் சாய்ந்தால் மூளை அதிரும். காணொளி பார்த்துப் பழகுகிறவர்கள் செய்வது இந்த இரண்டு பிழையும்தான்.

உடம்பும் திறமையும் மட்டும் போதாது என்பதையும் சொல்லி வையுங்கள். 1996 ஒலிம்பிக் தங்கம் வென்ற கர்ட் ஆங்கிள், 1999 நவம்பரில் திரைக்கு வந்து 2000 ஒக்டோபரில் சாம்பியன் ஆனார். காரணம், தன்னையே கோமாளியாக்கிப் பேசத் தெரிந்திருந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கேபிள் ஸ்டீவ்சனை 2021இல் எடுத்து, சனத்துக்குச் சரியாக அறிமுகப்படுத்தாமல் வைத்திருந்து, 2024இல் விலக்கினார்கள்.

நமக்குக் கிட்டிய நாடுகளில் பெயர் தெரிந்த பள்ளி, கிரேட் காலி 2015இல் பஞ்சாபின் ஜலந்தரில் தொடங்கியது. டபிள்யூ.டபிள்யூ.ஈ. ரிங்கில் இறங்கிய முதல் இந்தியப் பெண்ணான கவிதா தேவி அங்கே பழகியவர். அதற்கு முன், உங்கள் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து, பக்கத்தில் மல்யுத்தமோ ஜூடோவோ எங்கே பழக்குகிறார்கள் என்று விசாரியுங்கள். ஒரு வருடம் அதில் நிற்கட்டும். பிறகு எந்தப் பள்ளியானாலும், பணம் கட்டும் முன் புதியவர்களின் வகுப்பு ஒன்றை முழுதாகப் பார்க்கக் கேளுங்கள். முதல் வாரத்திலேயே கயிற்றின் மேலிருந்து குதிக்க விடுகிறார்கள் என்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.