எட்டு மாதமாக நடக்கிறேன், எடை அசைய மாட்டேன் என்கிறது!

கேள்வி:

எனக்கு 43 வயது, உயரம் 154 செ.மீ. எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலை. எட்டு மாதமாக வாரத்தில் ஆறு நாள், காலை ஐந்தரைக்கே ராபின்சன் பூங்காவுக்குப் போய் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். டீயில் சர்க்கரை கிடையாது. காலையில் ஓட்ஸ். பதினோரு மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை, நாலைந்து பேரீச்சம்பழம். சாயங்காலம் கடையில் ஒரு சாத்துக்குடி ஜூஸ். ராத்திரி சோற்றை நிறுத்திவிட்டு மூன்று சப்பாத்திதான். நெய், டால்டா வாங்குவதே இல்லை. நாலு பேருக்கு மாதம் ஆறு லிட்டர் சன்ஃப்ளவர் எண்ணெய் மட்டும்தான். 77 கிலோ இருந்தேன். முதல் இரண்டு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது, அதோடு சரி. பழைய ஜாக்கெட்டுகள் தொளதொளவென்று ஆகி, ஒரு தையல் உள்ளே பிடித்துப் போட்டுக்கொள்கிறேன், ஆனால் எடை மிஷின் 74-லேயே நிற்கிறது. கணவருக்கு ஹார்பரில் ஷிப்ட். அவர் வரப் பதினொன்றாகும், அவர் சாப்பிடும்வரை கூட உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் படுப்பேன். இரண்டாவது பிரசவத்தின்போது எனக்குச் சர்க்கரை இருந்தது. அம்மாவுக்கும் சர்க்கரை. “உன் உடம்பு வாகே அப்படி, எதுக்கு வீணா நடக்கிற?” என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா ஏதோ பவுடர் கலக்கிக் குடிக்கச் சொல்கிறார். நடப்பதை விட்டுவிடலாமா?

– பெயர் வேண்டாம், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்:

நடப்பதை விடாதீர்கள், சகோதரி. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியில்தான் என் கண் நின்றது. ஜாக்கெட்டில் ஒரு தையல் உள்ளே பிடித்திருக்கிறீர்கள். எடை மாறாமல் உடம்பின் சுற்றளவு குறைகிறது என்றால், உள்ளே கொழுப்பு குறைந்து, தசை கொஞ்சம் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. எடை மிஷினுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் இனிமேல் டேப்பை எடுங்கள். காலையில் வெறும் வயிற்றில், மூச்சைச் சாதாரணமாக விட்டபடி, தொப்புளை ஒட்டி இடுப்பைச் சுற்றி அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் கவனம் தேவை என்பது கணக்கு. மாதம் ஒரு முறை அளந்தால் போதும். எடையையும் தினமும் பார்க்காதீர்கள். முந்தின நாள் கருவாடு சாப்பிட்டாலோ, மாதவிடாய் நெருங்கினாலோ உடம்பில் நீர் தேங்கி ஒரு கிலோ கூடக் காட்டும். அதைப் பார்த்து மனசு உடைந்துபோவதில் அர்த்தமே இல்லை.

அடுத்தது, நீங்கள் குறைத்த அந்த மூன்று கிலோ. 77-லிருந்து 74 என்பது ஏறக்குறைய நான்கு சதவீதம். எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு எல்லாம் இறங்கத் தொடங்கும் என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். அந்த இடத்துக்கு உங்களுக்கு இன்னும் ஒரு கிலோவுக்குள்தான் இருக்கிறது. உங்கள் உயரத்துக்கு 74 கிலோ அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் 55 கிலோ ஆனால்தான் ஆச்சு என்று நினைத்துக்கொண்டு, கிடைத்ததைக் கணக்கில் வைக்காமல் விடுகிறீர்கள்.

மாமியார் ‘வீணா நடக்கிற’ என்றாரே, அதற்கு நம்ம சென்னையிலிருந்தே பதில் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு அது. சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினரை நடக்கவும் சாப்பாட்டைத் திருத்திக்கொள்ளவும் வைத்து, மூன்று ஆண்டு பார்த்தார்கள். வழக்கம்போல விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்து, சாப்பாட்டைத் திருத்தியவர்களில் 39 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இதில் முக்கியமான சேதி, இவர்களுக்கு எடை சொல்லும்படி குறையவே இல்லை! எடை குறையாமலேயே நோய் தள்ளிப்போனது. பிரசவ காலத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அம்மாவுக்கும் இருக்கிறது. அப்படிப்பட்ட நீங்கள் தினமும் காலையில் ராபின்சன் பூங்காவைச் சுற்றி வருவது எப்படி வீணாகும்?

சரி, அப்படியானால் எடை ஏன் நின்றது?

நடையால் மட்டும் எடை குறைவது ரொம்பக் கொஞ்சம். உங்கள் எடையுள்ள ஒருவர் முக்கால் மணி நேரம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாகச் செலவாவது சுமார் 130-லிருந்து 170 கலோரி. இப்போது உங்கள் அடுப்படிக்கு வாருங்கள். எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், ஒரு லிட்டர் என்பதன் பக்கத்திலேயே 910 கிராம் என்று போட்டிருக்கும். ஆறு லிட்டர் என்றால் கிட்டத்தட்ட ஐந்தரைக் கிலோ. நாலு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 கிராம் வருகிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கலோரி சாப்பாட்டுக்குச் சொல்லியிருப்பது 27 கிராம். மிச்சம் 18 கிராம். ஒரு கிராம் எண்ணெய்க்கு ஒன்பது கலோரி என்றால் 160-க்கு மேல் ஆகிறது. காலையில் நடந்து செலவழித்தது அத்தனையும் வாணலியில் திரும்பி வந்துவிடுகிறது.

நெய் இல்லை, டால்டா இல்லை, சன்ஃப்ளவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இதயத்துக்கு எது நல்லது என்ற பேச்சு வேறு. எடை விஷயத்தில் எல்லா எண்ணெய்க்கும் ஒரே கலோரிதான், செக்கெண்ணெய்க்கும் சேர்த்துத்தான். பொரித்தது போக மீந்ததைக் கொட்டுகிறோமா? இல்லையே, மறுநாள் தாளிக்கிறோம். அதனால் வாங்குவது முழுக்க வயிற்றுக்குள்தான் போகிறது. அடுத்த மாத மளிகைச் சீட்டில் ஆறை நான்காக்குங்கள். தூக்கிலிருந்து நேரே ஊற்றாமல், அன்றைக்கு வேண்டியதைக் காலையிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்துவிட்டு அதற்குள் சமையலை முடிக்கப் பாருங்கள். முதல் வாரம் பொரியல் வறண்ட மாதிரி தெரியும். அப்புறம் நாக்குக்குப் பழகிவிடும்.

சப்பாத்தியும் இதில்தான் வருகிறது. சோற்றை விட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் எண்ணெய் தடவி மூன்று சப்பாத்தி சாப்பிட்டால் 400 கலோரிக்கு மேல் ஆகிறது. ஒரு பெரிய கிண்ணம் சோறு அதைவிடக் குறைவுதான். சோற்றின் மேல் பழியைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. சோறு பிடிக்கும் என்றால் அளவாகச் சோறே சாப்பிடுங்கள், கூடவே காய் நிறைய வைத்துக்கொண்டு. வேர்க்கடலை நல்ல உணவு. ஆனால் கைப்பிடி என்பது கைக்குக் கை மாறும். முப்பது கிராமுக்கே 170 கலோரி. அதோடு பேரீச்சம்பழத்தையும் சேர்த்தால் அது ஒரு குட்டிச் சாப்பாடு. இரண்டில் ஒன்று போதும். ஜூஸை நிறுத்திவிட்டு அந்தச் சாத்துக்குடியை உரித்துத் தின்னுங்கள். சக்கையும் வயிற்றுக்குப் போகும், கடைக்காரர் போடும் சர்க்கரையும் மிச்சம்.

நான் சொல்வதைக் கேட்டு, ‘திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறேன் என்கிறாரா’ என்று வருத்தப்பட்டுவிடாதீர்கள். கண்ணளவில் யாருக்குமே கணக்கு சரியாக வராது. 1992-ல் நியூயார்க்கில், ‘எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை’ என்று சொன்ன பத்துப் பேரைச் சோதித்தார்கள். உடம்பு செலவழிக்கும் சக்தியை அளக்கத் தனியாகத் தயாரித்த நீரைக் குடிக்கவைத்துப் பார்த்ததில், சாப்பிட்டதாக அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் போலச் சராசரியாகக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சாப்பிட்டிருந்தார்கள், செய்த உடற்பயிற்சியைப் பாதிக்கு மேல் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். உடம்பு சக்தியை எரிக்கும் வேகம் சரியாகவே இருந்தது. அவர்கள் பொய்யர்கள் இல்லை, உண்மையாகவே அப்படி நம்பினார்கள். ஒரு வாரம் மட்டும், வாய்க்குள் போவதையெல்லாம் அப்போதைக்கப்போதே எழுதிப் பாருங்கள். பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்த அரை தோசை, கடையில் யாரோ நீட்டிய பஜ்ஜி, உப்பு பார்த்த குழம்பு வரைக்கும்.

இங்கேதான் ராத்திரி விஷயம் வருகிறது. கணவர் பதினோரு மணிக்குக் களைத்து வருகிறார், அவரைத் தனியாகச் சாப்பிட விடக்கூடாது என்று கூட உட்காருகிறீர்கள். அந்த அன்பை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் உட்கார்ந்திருக்கும்போது கை சும்மா இருக்கிறதா? ஒரு துண்டு மீன் வறுவல், தோசை ஓரம், அவர் வாங்கி வந்த அத்தோ நூடுல்ஸில் ரெண்டு வாய்... இல்லை என்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். இருந்தால், வேறு ஒரு ஏற்பாடு செய்யலாம். எட்டரைக்குப் பிள்ளைகளோடு நீங்கள் பாதி மட்டும் சாப்பிடுங்கள், மீதிப் பாதியை அவரோடு. மொத்தம் ஒரு சாப்பாடுதான். இதை அவரிடமும் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அவர் பாசத்தில் ஊட்டிவிடுவார்.

எனக்கு இதைவிடக் கவலை உங்கள் தூக்கம். பாத்திரம் கழுவிப் படுக்கப் பன்னிரண்டு, ஐந்தரைக்குப் பூங்கா. ஐந்து மணி நேரம்கூடத் தேறாது போலிருக்கிறது. 2010-ல் சிகாகோவில் ஒரு சோதனை செய்தார்கள். அதே ஆட்களுக்கு, அதே அளவு சாப்பாடு கொடுத்து, இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கவைத்தார்கள். எடை என்னவோ இரண்டு முறையும் ஒரே அளவுதான் குறைந்தது. ஆனால் தூக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது, அதற்குப் பதில் தசை முதலானவை கரைந்தன. பசியும் கூடியது. ஆகவே கணவருக்கு லேட் ஷிப்ட் இருக்கும் நாட்களில் காலை நடையை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கூடத் தூங்குங்கள். அன்றைக்கு சாயங்காலம் கடை முடிந்ததும் ஷேர் ஆட்டோ ஏறாமல் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம். கண்டெய்னர் லாரிகள் ஓடும் பெரிய ரோட்டைத் தவிர்த்து உள் தெருக்கள் வழியாக வாருங்கள், அந்தப் புகை உங்களுக்கு வேண்டாம்.

நாற்பது தாண்டிய பெண்ணுக்கு நடை மட்டும் போதாது. வயது ஏற ஏறத் தசை தேயும், மாதவிடாய் நிற்கும் காலம் நெருங்கும்போது கொழுப்பு வயிற்றைப் பார்த்து நகரும். உலக சுகாதார நிறுவனமும் வாரம் 150 நிமிட நடையோடு, இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கச் சொல்கிறது. ஜிம் வேண்டாம். கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருப்பது பத்துத் தடவை, சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்துத் தடவை, இதை மூன்று சுற்று. முட்டி வலி இருந்தால் நாற்காலியின் மேல் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். தசைக்குப் புரதமும் வேண்டும். நீங்கள் எழுதிய பட்டியலில் வேர்க்கடலையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. காசிமேடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, நெத்திலி, கானாங்கெளுத்தி குழம்பாக வையுங்கள், வறுவல் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். ஏப்ரல் நடுவில் தொடங்கும் இரண்டு மாதத் தடைக்காலத்தில் முட்டை, சுண்டல், பாசிப்பருப்பு.

இத்தனையும் சொன்னாலும், பரிசோதனை செய்யாமல் இருக்காதீர்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி, தைராய்டுக்கு டிஎஸ்எச், ரத்த அழுத்தம், இவ்வளவும் பார்த்துவிடுங்கள். அரசு ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. மாதவிடாய் தாறுமாறாக வருகிறதா, குறட்டை உண்டா, பகலில் கண் சொக்குகிறதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ஏதாவது மாத்திரை தொடர்ந்து எடுத்தால் அதையும் காட்டுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள், சில சர்க்கரை மருந்துகள் எடையை ஏற்றும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்திவிடக் கூடாது.

பவுடர் வேண்டாம். டப்பாவில் என்ன இருக்கிறதென்று அந்த அக்காவுக்கும் தெரியாது. அதைக் குடித்து எடை குறைகிறவர்களுக்கும், ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் குடிப்பதால்தான் பெரும்பாலும் குறைகிறது. நிறுத்தினால் திரும்பி வந்துவிடும். அந்தப் பணத்துக்கு முட்டை வாங்கலாம். இப்போது எல்லோரும் பேசுகிற எடை குறைப்பு ஊசியைப் பற்றி யாராவது சொன்னால், அது டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய மருந்து, அவ்வளவுதான்.

எண்ணெயும் தூக்கமும்தான் முதல் மாதத்து வேலை. நாற்காலிப் பயிற்சியை இரண்டாம் மாதம் தொடங்கினாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் ஒரே நாளில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். மூன்று மாதம் கழித்து இடுப்பளவையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள். டிஎஸ்எச் கூடுதலாக வந்தால் அதுவரை காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள்.