தசைன் ஜமரா பச்சையாக வளர்ந்தால்

நேபாளத்தின் தசைன் பண்டிகைக்காக நீங்கள் வளர்க்கும் ஜமரா, அதாவது பார்லி முளை, மஞ்சளாக வராமல் பச்சையாக வளர்வதற்குக் காரணம், பெரும்பாலும் பூசையறைக்குள் புகும் வெளிச்சமே; விதையிலோ நீங்கள் செய்த கடஸ்தாபனையிலோ (முதல் நாள் கலசம் வைத்து விதைக்கும் சடங்கு) குறையில்லை. பார்லி முளை இருட்டில் பச்சையம் உண்டாக்குவதில்லை. அதனால்தான் நேபாள வீடுகளில் தசைன் முதல் நாளிலிருந்தே அதை வெயில் படாமல் வைக்கிறார்கள்.

பகலில் மின்விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு உள்ளே சற்று நேரம் நின்று பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடுக்கைத் துணியால் அடைத்து, முளைகளின்மேல் காற்றுப் போகும்படி ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள்.

ஏற்கெனவே பச்சையான நுனி முழுவதும் மாறாமல் போகலாம். அடியிலிருந்து புதிதாக எழும் பகுதி மஞ்சளாக வரும். அதற்காக மறுபடி விதைக்காதீர்கள், விஜயதசமிக்குள் வளராது. பெரியவர்கள் நெற்றியில் டீகா (திலகம்) இட்டு ஆசியுடன் சூட்டும்போது பச்சை ஜமராவும் நிறைவானதே.