சம்பளத்துக்குக் காசு கொடுக்கலாமா?

வணக்கம் சார்,

ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. போன வருஷம் நிகர லாபம் 5 கோடியைத் தாண்டியதால் நாங்களும் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) செலவு செய்தாக வேண்டும். சுமார் 8 லட்சம் வருகிறது. யாருக்குக் கொடுப்பது என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

ஒரு தொண்டு நிறுவனம் விண்ணப்பம் தந்தது. கல் குவாரிக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள மூன்று மையங்கள். கேட்ட தொகையில் முக்கால்வாசி அங்கே வேலை செய்யும் பெண்களின் சம்பளம். எம்.டி. பார்த்ததுமே, "சம்பளத்துக்கெல்லாம் சட்டப்படி 5 சதவீதம்தான். கேமரா, விளையாட்டுச் சாமான், சுவருக்குப் பெயின்ட் என்று கேட்கச் சொல்" என்றார். அவர் சொல்வது சரிதானா? சம்பளமாகக் கொடுத்தால் பலன் எப்படித் தெரியும்?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

சரியில்லை. அந்த 5 சதவீதம், சிஎஸ்ஆர் வேலையைக் கவனிக்க உங்கள் கம்பெனி தன் அலுவலகத்தில் செய்துகொள்ளும் நிர்வாகச் செலவுக்கான வரம்பு. ஒரு திட்டத்தை நடத்த நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று 2021 ஜனவரியில் திருத்திய விதிகளே சொல்கின்றன. அதே ஆண்டு கம்பெனி விவகார அமைச்சகம் வெளியிட்ட கேள்வி பதிலில், கல்வித் திட்டத்தில் ஆசிரியர் சம்பளம் திட்டச் செலவில்தான் சேரும் என்று உதாரணமே கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் சம்பளமும் அப்படித்தான்.

ஆனால் உங்கள் எம்.டி.க்குச் சட்டம் ஒரு சாக்கு என்றுதான் நினைக்கிறேன். சாமான் வாங்கிக் கொடுத்தால் அதில் கம்பெனி பெயரை ஒட்டலாம். ஆயாவின் சம்பளத்தில் எதை ஒட்டுவது?

இந்த விஷயத்தில் எனக்கு உடனே நினைவுக்கு வருவது வங்கதேசம். வெள்ளத்துக்குத் தப்ப அங்கே கிராமத்து வீடுகளை மேடாக்கிக் கட்டுவார்கள். அதற்கு மண் வெட்டிய இடம் குளமாகிவிடும். அதனால் அனேகமாக ஒவ்வொரு வீட்டுக்குப் பக்கத்திலும் ஒரு குளம். குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அதில்தான். 2003இல் நாடு முழுக்க எடுத்த ஒரு கணக்கெடுப்பில், ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணமாக எந்த நோயும் வரவில்லை, தண்ணீரில் மூழ்குவதுதான் வந்தது. விவரங்களைத் தோண்டிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. பெரும்பாலான சாவுகள் காலை 9 மணியிலிருந்து மதியம் 1 மணிக்குள், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். அப்பா வயலில், அம்மா அடுப்படியில், பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நடக்கப் பழகிய குழந்தை மட்டும் தனியாக இருக்கும் நேரம் அது.

அதற்குக் கண்டுபிடித்த வழியில் தொழில்நுட்பம் என்று எதுவும் இல்லை. அதே ஊர்ப் பெண் ஒருவர், உதவிக்கு இன்னொருவர், சுமார் 25 குழந்தைகள், அதே நான்கு மணி நேரம், பெரும்பாலும் அந்தப் பெண்ணின் வீட்டிலேயே. 'ஆஞ்சல்' என்று பெயர். பாட்டு, கதை, கை கழுவுவது எல்லாம் உண்டு. ஆனால் முக்கியமான வேலை, குழந்தை எங்கே இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பது. முதலில் யுனிசெஃப் உதவியோடு நடந்தது. பிறகு, அமெரிக்காவின் ப்ளூம்பெர்க் அறக்கட்டளை கொடுத்த நன்கொடையில் 7 உபஜிலாக்களில் (நம் ஊர் வட்டம் மாதிரி) பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். மையத்துக்கு வந்த குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது.

அதே திட்டத்தில் உங்கள் எம்.டி.க்குப் பிடித்த மாதிரியும் ஒன்று இருந்தது. குழந்தையை உள்ளே விட்டு வைக்கும் தடுப்புக் கூண்டு, வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். எண்ணிப் பார்க்கலாம், படம் எடுக்கலாம். ஆனால் தண்ணீரில் மூழ்குவதைத் தடுக்க 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி எதைப் பற்றியது தெரியுமா? சின்னக் குழந்தைகளுக்குப் பகல்நேரப் பராமரிப்பு, கொஞ்சம் வளர்ந்தவர்களுக்கு நீச்சலும் தண்ணீரில் கவனமாக இருக்கும் பயிற்சியும். இரண்டுமே ஆள் வைத்துச் செய்கிற வேலை.

2022இல் வங்கதேச அரசே இதை எடுத்துக்கொண்டு 8,000 மையங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. செலவில் பெரும்பங்கு அரசுடையது, மீதி நன்கொடை. நன்கொடைப் பணம் இதற்குத்தான் லாயக்கு என்பது என் கட்சி. அரசு துணியாத ஒன்றைப் பல வருஷம் பொறுமையாகச் செய்து காட்டி, கணக்கையும் கையில் கொடுக்க வேண்டும்.

சாமானே கூடாது என்று சொல்லவில்லை. கும்பகோணத்தில் 2004இல் 94 குழந்தைகள் தீயில் போனபோது கூரை எதனால் வேய்ந்தது என்பது முக்கியமாகத்தான் இருந்தது. உங்கள் மையங்களுக்குப் பக்கத்தில் தண்ணீர் நிற்கும் குவாரிக் குழி இருந்தால் முதலில் அதற்கு வேலி போட வையுங்கள். கேமரா மட்டும் வேண்டாம். அந்தத் திரையை யார் உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள்? அதற்கும் ஒரு ஆள் வேண்டும், அவருக்கும் சம்பளம்!

பலன் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். சொல்லாமல் ஒரு நாள் பதினோரு மணிக்குப் போங்கள். வருகைப் பதிவேட்டில் உள்ள தலைகளும் அறையில் உள்ள தலைகளும் ஒத்துப்போகிறதா பாருங்கள். வராத பிள்ளைக்கு என்ன செய்வீர்கள் என்று ஆயாவைக் கேளுங்கள். "மதியத்துக்குள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுவேன்" என்றால் நல்ல மையம். சாயங்காலம் யார் வந்து கூப்பிட்டாலும் அனுப்பிவிடுகிறார்களா, வேலைக்கு எடுக்கும்போது போலீஸ் சரிபார்ப்பு உண்டா, குழந்தைகள் உதவி எண் 1098 எதற்கென்று தெரியுமா என்பதையும் கேளுங்கள். ஒரு குழந்தைக்குப் பாலியல் தொல்லை என்று தெரியவந்தால் போலீசில் சொல்லியே ஆக வேண்டும், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு அது. நிறுவனத்தின் பெயர் கெடும் என்று மறைத்தால் தண்டனை. "எங்களிடம் இதுவரை ஒரு புகார்கூட வந்ததில்லை" என்று பெருமையாகச் சொல்கிறவர்களிடம் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்பேன்.

அப்புறம், மார்ச் கடைசியில் செக் கொடுத்து, அந்த மாதமே செலவுச் சான்று கேட்காதீர்கள். மூன்று வருஷத் தொடர் திட்டமாகவே இயக்குநர் குழுவில் தீர்மானம் போடலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்த வருஷத்தில் செலவாகாத பங்கை நிதியாண்டு முடிந்த 30 நாளைக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் போதும். ஒரு வருஷம் நடத்திவிட்டு மூடினால், மையத்தை நம்பி வேலைக்குப் போன அம்மாக்களின் நம்பிக்கை போய்விடும். அடுத்த முறை பிள்ளையை அனுப்ப மாட்டார்கள்.

எம்.டி.யிடம் போகும்போது சிஎஸ்ஆர் விதிகளில் 2(1)(பி)யை அச்செடுத்துக்கொண்டு போங்கள், நிர்வாகச் செலவு என்றால் என்ன என்பது அங்கேதான் இருக்கிறது. பலகை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வாசலில் ஒன்று வைக்கட்டும், குழந்தைகளை அதன் முன்னால் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். விண்ணப்பத்தில் ஆயாக்களுக்கு எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருந்தால் கூட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.