அமாவாசை சனிக்கிழமையில் கேட்டவை

மாதம் ஒருமுறை, அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமை, வேலூர் வானியல் ஆர்வலர்கள் நாங்கள் ஒடுகத்தூர் பக்கம் ஒரு மாந்தோப்பில் கூடுகிறோம். சித்திரைக் கூட்டத்தில் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

*பையனுக்குப் பிறந்தநாள் பரிசாக டெலஸ்கோப் வாங்க வேண்டும். பெட்டியில் 675 மடங்கு என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? (காட்பாடி)*

வேண்டாம் சார். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பார்க்க வேண்டியது லென்ஸின் அகலம். ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு, அவ்வளவுதான் தாங்கும். 70 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 140 மடங்கு. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், ஆனால் மங்கிக் குழம்பிவிடும். கூடவே வரும் மெலிந்த ஸ்டாண்டில் கை பட்டாலே வியாழன் துள்ளி ஓடும். பையன் இரண்டு நாள் பார்ப்பான், மூன்றாம் நாள் பரண்மேல் போய்விடும்.

முதலில் 10x50 பைனாகுலர் வாங்குங்கள். முழங்கையைச் சுவரில் ஊன்றிப் பார்த்தால் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் தெரியும். ஆறாமீன் என்று பாட்டிகள் சொல்லும் கார்த்திகைக் கூட்டத்தில் ஆறுக்குப் பதில் சில டஜன் நட்சத்திரங்கள் தெரியும். ஒரு வருடம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் 6 அங்குல டாப்சோனியன் (எளிய பீடத்தில் நிற்கும் கண்ணாடித் தொலைநோக்கி) வாங்கிக் கொடுங்கள். சனியின் வளையத்தை அவனே தேடிப் பிடிப்பான்.

வாங்கியதைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காதீர்கள். என் முதல் பைனாகுலரை ஐப்பசி மழையில் பீரோவில் வைத்துவிட்டுத் தை மாதம் எடுத்தேன். லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படர்ந்திருந்தது. மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

கண்ணில் வைக்கும் பக்கத்தில் மாட்டுவதற்கென்று குட்டியாக ஒரு சூரிய ஃபில்டர் சேர்த்துக் கொடுத்திருந்தால் இன்றே தூக்கி எறியுங்கள். சூட்டில் அது வெடித்துவிடும், கண் போய்விடும்.

*பௌர்ணமியன்று கூட்டம் வைத்தால் நிலா நன்றாகத் தெரியுமே? (ஆற்காடு)*

பௌர்ணமி வெளிச்சத்தில் மங்கலான எதுவும் தெரியாது. நிலாவைப் பார்ப்பதற்கும் அது நல்ல நாள் இல்லை. சூரியன் நேர் எதிரே நின்று அடிப்பதால் பள்ளங்களில் நிழலே விழாது, எல்லாம் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியன்று பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு பள்ளமும் எழும்பி நிற்கும்.

*2016-ல் நாட்றம்பள்ளி பக்கம் ஒரு கல்லூரியில் விண்கல் விழுந்து ஒருவர் இறந்தாரே, நம் மன்றம் ஏன் அதைப் பேசுவதே இல்லை? (வாணியம்பாடி)*

பேசுவோம். பிப்ரவரி 6 அன்று ஒரு ஓட்டுநர் உயிரிழந்தார். தரையில் பள்ளம், ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. விண்கல் என்று மாநில அரசு அறிவித்து நிவாரணமும் கொடுத்தது. நாசா விஞ்ஞானிகளோ, படங்களைப் பார்த்தால் தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் இருக்கிறது என்றார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

சின்னக் கல் காற்றில் வேகமெல்லாம் இழந்துவிடும். கடைசிப் பல கிலோமீட்டர் ஒளியே இல்லாமல், மாடியிலிருந்து போட்ட கல் போலத்தான் இறங்கும். விழும்போது தொட முடியாத சூடு இருக்காது. அது வெடிக்காது.

*வெடிக்காது என்கிறீர்கள். ரஷ்யாவில் 2013-ல் செல்யாபின்ஸ்க் நகரில் கண்ணாடிகள் உடையவில்லையா? (அதே வாணியம்பாடி நண்பர்)*

உடைந்தன. சுமார் 1,500 பேர் காயப்பட்டார்கள். ஆனால் அது இருபது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான பாறை, வெடித்தது முப்பது கிலோமீட்டர் உயரத்தில். அந்த அதிர்ச்சி ஒரு ஊரையே குலுக்கியது. அப்படி ஒன்று நாட்றம்பள்ளிக்கு மேலே வந்திருந்தால் திருப்பத்தூரிலும் உங்கள் வாணியம்பாடியிலும் ஜன்னல் ஆடியிருக்க வேண்டும். உடைந்ததாகச் சொல்லப்பட்டது அந்த ஒரு வளாகத்தில்தான்.

*அப்படியானால் அரசாங்கம் பொய் சொன்னதா? (ஆம்பூர்)*

அப்படிச் சொல்லவில்லை. சம்பவம் நடந்த கையோடு, கையில் கிடைத்ததை வைத்துச் சொன்னார்கள். அந்தக் குடும்பத்துக்கு நிவாரணம் போனது நியாயம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. விண்கல் விழுந்து மனிதர் மேல் பட்டது நன்றாக உறுதியானது 1954-ல், அமெரிக்காவின் அலபாமாவில். கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்த கல், வானொலிப் பெட்டியில் மோதித் தெறித்து ஒரு பெண்ணின் இடுப்பில் பட்டது. உடம்பு பெரிதாகக் கன்றிப்போனது, உயிர் தப்பினார். நம் மண்ணில் நடந்ததை உலகின் முதல் விண்கல் மரணம் என்று பள்ளிப் பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நேரம் இதையே பேசுகிறேன்.

*எங்கள் கொல்லையில் ஒரு கருப்புக் கல் இருக்கிறது. (குடியாத்தம்)*

காந்தம் ஒட்டுகிறதா, அளவுக்கு மீறிக் கனக்கிறதா, மேலே மெல்லிய கருப்புத் தோல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் இருந்தால் கொண்டு வாருங்கள். உள்ளே குமிழ் ஓட்டைகள் இருந்தால் பெரும்பாலும் உலைக் கசடு.

*காவலூர் போகலாமா? அங்கே என்ன இருக்கிறது? (சத்துவாச்சாரி)*

கட்டாயம் போங்கள். அங்கே இருப்பது வானியல் ஆய்வகம். ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைமேல், சுமார் 700 மீட்டர் உயரம். அன்று வட ஆற்காடு, இன்று திருப்பத்தூர் மாவட்டம். கொடைக்கானலில் சூரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. இரவு வானத்துக்கென்று வானியலாளர் வைணு பாப்பு தேடிப் பிடித்த இடம் இது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் வடவானமும் தென்வானமும் இரண்டும் கிடைக்கும். 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆரம்பித்தார்கள். 1972-ல் ஒரு மீட்டர் வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அதன் வளையங்களைக் காட்டிக்கொடுத்த பதிவுகளில் காவலூர்ப் பதிவும் ஒன்று. நம் நாட்டிலேயே செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்டது. அதற்காக ஓடியாடிய பாப்பு 1982-லேயே காலமாகிவிட்டார். அந்தக் குவிமாடத்தின் கீழே நிற்கும்போதெல்லாம் எனக்கு அது உறுத்தும். ராமானுஜன் பெயர் கொண்ட 4130-ஆம் சிறுகோளும் 1988-ல் இங்கே கண்டுபிடித்ததுதான்.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். கிளம்பும் முன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மலைப்பாதையில் இரவு திரும்பும்போது நிதானம்.

*பௌர்ணமியில் கூடினால் பெண்களுக்குத் திரும்பிப் போக வசதியாக இருக்குமே? (ராணிப்பேட்டை)*

வானத்துக்கான பதில் ஆற்காடு நண்பருக்குச் சொன்னதுதான். திரும்பிப் போகும் கவலை நியாயமானது. அடுத்த மாதத்திலிருந்து வண்டியில் சேர்ந்து போக ஏற்பாடு செய்கிறோம்.

*நிழல் இல்லா நாள் வேலூரில் எப்போது? (பள்ளி ஆசிரியை)*

ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும். அன்று நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். சித்திரையில் வருவது பகல் 12.12 வாக்கில். ஒரு தண்ணீர் பாட்டிலை நட்டு வைத்து நிழலைப் பாருங்கள். பிள்ளைகள் அண்ணாந்து சூரியனைப் பார்க்கக் கூடாது. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், எதுவும் உதவாது.

*என் ராசிக்குச் சனிப்பெயர்ச்சி எப்படி? (பெயர் இல்லை)*

அது என் துறை இல்லை. ஜோதிடரைக் கேளுங்கள்.

*பௌர்ணமி அன்று...*

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

*எட்டு வயது மகளைக் கூட்டி வரலாமா? அவளுக்கு என்ன புரியும்? (பாகாயம்)*

கூட்டி வாருங்கள் அம்மா. சித்திரையில் ஏழரை மணிக்கு வந்துவிட்டால் தென்மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கும் அகத்தியர் நட்சத்திரத்தைக் காட்டுவேன். பத்து மணிக்குத் தெற்கே, மாமரங்களுக்குச் சற்று மேலே, சிலுவை வடிவ நட்சத்திரக் கூட்டமான திரிசங்கு நேராக நிற்கும். டெல்லிப் பிள்ளைகளுக்கு அது அடிவானத்துக்கு மேலே இதில் பாதி உயரம்கூட எழும்பாது. போன மாதம் ஒரு சிறுமி ஒமேகா சென்டாரியைப் பார்த்துவிட்டு, "யாரோ கோலமாவைக் கொட்டிட்டாங்க" என்றாள். அது லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் திரண்ட கூட்டம் என்று சொன்னதும் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

பிள்ளைக்கு ஒரு சால்வை, தண்ணீர். டார்ச் கொண்டுவந்தால் வெளிச்சம் வரும் பக்கத்தில் சிவப்பு பலூனை மாட்டிக் கொண்டு வாருங்கள். போன் டார்ச்சை மட்டும் தயவுசெய்து போடாதீர்கள். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு நொடி வெளிச்சத்தில் அங்கே நிற்கும் அத்தனை பேருக்கும் அது போய்விடும்.