நின்று பாருங்கள், பறவை வரும்: ஆனைமலைப் பயணக் கேள்விகள்

பொங்கல் முடிந்ததும் வால்பாறை, டாப்ஸ்லிப் பக்கம் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படும் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணா, போன மாசம் வால்பாறையில் காலையில் மூணு மணி நேரம் நடந்தோம். ஏழு வகைப் பறவைதான் கண்ணில் பட்டது. சிங்காநல்லூர் குளத்துக்குப் போனால் அரை மணியில் அதைவிட அதிகம் பார்த்துவிடுவேன். மழைக்காட்டில் பறவை நிறைய என்பது நிஜம்தானுங்களா?
(கோவை வாசகர்)

நிஜம்தான். குளத்தில் பறவை உங்கள் கண்ணுக்கு நேராகத் திறந்த வெளியில் நிற்கிறது. மழைக்காட்டில் பாதிப் பறவைகள் தலைக்கு மேலே முப்பது மீட்டர் உயரத்தில், இலைக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. அது மட்டும் காரணமில்லை. பூச்சி தின்னும் சிறு பறவைகள் பல இங்கே தனித்தனியாக இரை தேடுவதில்லை. மின்சிட்டு, மரங்கொத்தி, ஈப்பிடிப்பான், கதிர்க்குருவி எனப் பல இனங்கள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து நகரும். ஒன்று கிளப்பிவிடும் பூச்சியை இன்னொன்று பிடிக்கும். பருந்து வந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். பல நேரம் துடுப்புவால் கரிச்சான் கூடவே காவல்காரன் மாதிரி வரும். மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்துக் கூவுவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

அதனால் என்ன ஆகிறது என்றால், நாற்பது நிமிடம் காடு வெறிச்சென்று கிடக்கும். அப்புறம் பத்தே நிமிடத்தில் கூட்டம் உங்களைக் கடந்து போய்விடும். அந்தப் பத்து நிமிடம் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் விஷயம். மூன்று மணி நேரமும் நடந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் தவறு. ஓடை பாதையைக் கடக்கும் இடத்திலோ, கீழே இருக்கும் மரங்களின் உச்சி கண்மட்டத்துக்கு வரும் வளைவிலோ, பேச்சை நிறுத்திவிட்டு இருபது நிமிடம் நில்லுங்கள். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுச் சாலையில் அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. வண்டியை ஓரமாக, பாதுகாப்பாக நிறுத்த இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீக்காக்கையை நான் முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்ததும் இப்படி நின்றபோதுதான். எங்களுக்குப் பத்தடி தள்ளி, மூங்கில் பக்கத்தில் ஒரு கொடியில் அது வெகுநேரமாக உட்கார்ந்திருந்தது. முதுகு பழுப்பு நிறம். அதை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்ததால் காய்ந்த இலை என்று நினைத்துவிட்டோம். கம்பளிப்பூச்சி ஒன்றைப் பிடிக்கத் திரும்பியபோது வயிறு தெரிந்தது. கருப்புத் தலை, நெஞ்சில் வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே முழுக்கச் சிவப்பு. நாங்கள் நான்கு பேரும் மூச்சு விடவில்லை.

எந்த பைனாகுலர் வாங்கலாம்? கடையில் 10×25 சின்னதாக, கைக்கு அடக்கமாக இருக்கிறது.
(திருப்பூர்)

8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது. இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8×42-இல் அது 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 10×25-இல் இரண்டரைதான். வெயிலடிக்கும் குளத்தங்கரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. விடிந்தும் விடியாத சோலைக்குள் சின்னதில் கரிய உருவம்தான் தெரியும், நிறம் தெரியாது. பத்து மடங்கில் கை நடுக்கமும் கூடும்.

வீட்டுக்கு வந்ததும் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். வால்பாறை ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

இருவாச்சிக் கூட்டைப் பக்கத்தில் போய்ப் படமெடுக்க முடியுங்களா? எந்த மாதம் வரலாம்?
(ஈரோடு)

ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெரிய இருவாச்சி கூட்டில் இருக்கும். பக்கத்தில் போகக் கூடாது. ஏன் என்று விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு யாருக்கும் போக மனசு வராது.

பெரிய மரத்தின் பொந்துக்குள் பெட்டை நுழைந்து, தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைத் தானே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுனி வெளியே வரும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம். மாதக்கணக்கில் அதற்கும் குஞ்சுக்கும் சோறு போடுவது சேவல் ஒன்றுதான். தொலைவிலிருந்து ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். சேவல் வந்து பொந்தருகே பட்டையைப் பற்றிக்கொண்டது. தொண்டையிலிருந்து அத்திப்பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து அலகு நுனிக்குக் கொண்டுவந்து, கீறலுக்குள் நீட்டியது. உள்ளிருந்து இன்னொரு அலகு நுனி வந்து வாங்கிக்கொண்டது. அவசரமே இல்லை. முடிந்ததும் பறந்தது. அந்த இறக்கைச் சத்தம் பழைய நீராவி ரயில் மூச்சுவிடுவது போல வெகுதூரம் கேட்டது.

மரத்தடியில் ஆள் நின்றால் சேவல் பழத்தோடு சுற்றிச் சுற்றி வரும், கூட்டுக்கு வராது. உள்ளே இரண்டு வயிறு காத்திருக்கும். வேறு வழி என்னவென்றால், பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டுபிடித்துச் சற்றுத் தள்ளி உட்காருங்கள். இருவாச்சி தானே வரும். கூடவே மலை மைனா, பச்சைப்புறா, குக்குறுவான் எல்லாம் வரும். ஒரு மரத்தடியில் அரை நாள் போனதே தெரியாது.

எங்களைக் கூட்டிப்போனவர் ஸ்பீக்கரில் பறவைக் குரலைப் போட்டு வரவைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. இது தப்பா?
(பொள்ளாச்சி)

தப்பு என்றுதான் நான் சொல்வேன், நட்புக்காகக்கூட மாற்றிச் சொல்ல மாட்டேன். குரலைக் கேட்டதும் அந்தச் சேவல் தன் இடத்துக்குள் வேறொருவன் புகுந்துவிட்டான் என்று நினைக்கிறது. இரை தேடுவதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியோடு சண்டைக்கு வருகிறது. சில வருடம் முன்பு ஒரு குழுவோடு போயிருந்தபோது அவர்கள் வழிகாட்டி திரும்பத் திரும்பக் குரலைப் போட்டார். நாங்கள் கிளம்பி வெகுதூரம் வந்த பிறகும் அந்தப் பறவை கத்திக்கொண்டே இருந்தது. அப்போதே தடுக்காமல் விட்டது இன்றும் உறுத்துகிறது. அடுத்த முறை பதிவு செய்யும்போதே "குரல் போட வேண்டாங்க, இல்லாமலே பார்க்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள். கேட்பவர்கள் கூடினால் வழக்கம் மாறும்.

வழிகாட்டி இல்லாமல் நாங்களே காட்டுக்குள் போகலாமா?
(உடுமலை)

கூடாது. ஆனைமலை புலிகள் காப்பகத்தில் வனத்துறை அனுமதியும், அவர்கள் அனுப்பும் ஆளும் வேண்டும். விதிக்காக மட்டும் சொல்லவில்லை. மூடுபனியில் யானை பத்தடியில் நின்றாலும் நமக்குத் தெரியாது. அங்கேயே பிறந்து வளர்ந்த காடர், மலசர் பழங்குடி ஆட்களுக்கு வாசனையிலும் ஒடிந்த கிளையிலும் தெரிந்துவிடும். அவர் "நில்லுங்க" என்றால் நின்றுவிடுங்கள், கேள்வியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

ஊட்டியில் பார்த்த நீலகிரிச் சிரிப்பானை ஆனைமலையிலும் தேடினேன், கிடைக்கவில்லை. உயரம் ஒன்றுதானே?
(மேட்டுப்பாளையம்)

அருமையான கேள்வி. ஆடி மாதம் கோவையில் நம் முகத்தில் அடிக்கும் காற்று எந்த வழியாக வருகிறது? பாலக்காட்டுக் கணவாய். மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி அது. உயரத்துச் சோலைகளிலேயே வாழும் சிறு பறவைகளால் அந்த வெப்பமான தாழ்நிலத்தைத் தாண்ட முடியாது. நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்து இரு பக்கமும் தனித்தனி இனங்களாகிவிட்டன. வடக்கே நீலகிரிச் சிரிப்பான், தெற்கே ஆனைமலையிலும் பழனி மலையிலும் பழனிச் சிரிப்பான். சோலைக்கிளியும் அப்படித்தான், பக்கத்துக்கு ஓர் இனம். பெயரில் கிளி இருந்தாலும் அது தரையோரம் தத்தித் திரியும் நீலக் குருவி.

ஆனைமலையின் உயரமான புல்வெளிப் பகுதிக்கு எல்லோரையும் விடுவதில்லை. தெற்குப் பக்க இனங்களுக்குக் கொடைக்கானல் போங்கள், வடக்குக்குத் தொட்டபெட்டா. இரண்டையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது நடுவில் கிடக்கும் அந்தச் சமவெளியை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

அட்டைக்கு என்ன செய்வது?
(அன்னூர்)

டிசம்பர் முதல் மார்ச் வரை வந்தால் தொல்லை குறைவு. மழைக்காலத்தில் முழங்கால் வரை வரும் துணி உறையைச் செருப்புக்கோ ஷூவுக்கோ உள்ளே போட்டுக்கொள்ளுங்கள். கடித்தால் பிய்த்து எடுக்காமல் நகத்தால் ஓரமாக நெம்பிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் உறையாமலிருக்க அது எச்சிலில் ஒரு பொருளை விடுவதால் கொஞ்ச நேரம் கசியும். பயப்பட வேண்டாம்.

பையனுக்கு ஏழு வயசு. கூட்டி வரலாங்களா?
(திருப்பூர்)

முதலில் உங்கள் ஊர் நஞ்சராயன் குளத்துக்கு நாலைந்து ஞாயிறு கூட்டிப்போங்கள் கண்ணு. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2024-இல் சேர்ந்த இடம், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அரை மணி அமைதியாக உட்காரப் பழகிவிட்டான் என்றால் மலைக்குக் கூட்டி வாருங்கள்.

ஐப்பசியில் எங்கள் வீட்டு வாசலில் பச்சை, நீலம், சிவப்பு எல்லாம் கலந்த குட்டை வால் குருவி ஒன்று பறக்க முடியாமல் கிடந்தது. தண்ணீர் ஊற்றினோம், செத்துவிட்டது. என்ன பறவை அது?
(அவிநாசி)

ஆறுமணிக்குருவி. காலையிலும் மாலையிலும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் அந்தப் பெயர். குளிர்காலத்துக்கு வடக்கேயிருந்து இரவில் பறந்து வரும். களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தில் தடுமாறி, சுவரில் மோதி வீட்டு வாசல்களில் விழுவது நம் பக்கம் நடக்கிற ஒன்று. உங்கள் மேல் தப்பில்லை, தெரியாமல் செய்தது. இனி அப்படிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, அதற்குள் வைத்து மூடி, பூனையும் சத்தமும் இல்லாத இருட்டறையில் வையுங்கள். அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் உள்ளே தத்தும் சத்தம் கேட்கும். அப்போது மரமும் புதரும் உள்ள இடமாகப் பார்த்துப் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.