மதிப்பெண்ணும் தரநிலையும்: பெற்றோர் கேள்விகள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பதில்கள்

கேள்வி (செந்தூல்): ஐயா, ஏ, பி, சி என்று தரம் பிரிக்கும் முறை எங்கே தொடங்கியது?

பதில்: ஒரே ஊரைச் சுட்டிக் காட்ட இயலாது. அமெரிக்காவின் யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ், 1785-இல் தாம் தேர்வு நடத்திச் சோதித்த 58 மாணவர்களை இலத்தீன் பெயர் கொண்ட நான்கு வகுப்புகளாகப் பிரித்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். எழுத்துத் தரநிலை 1897-இல் மவுண்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் தெளிவாகக் காணப்படுகிறது. அங்கே 95-உம் அதற்கு மேலும் ஏ. 75-க்குக் கீழே வந்தாலே தோல்வி. நம் வீட்டில் 74 எடுத்த பிள்ளையைத் தட்டிக் கொடுப்போம் அல்லவா?

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ்): ஒரே விடைத்தாளுக்கு எல்லா ஆசிரியரும் ஒரே மதிப்பெண்தான் தருவார்களா?

பதில்: இல்லை. 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் ஆங்கிலத் தாள் ஒன்றின் படிகளை 100-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தபோது, மதிப்பெண்கள் 64 முதல் 98 வரை சிதறின. மொழிப்பாடம் என்பதால்தான் இந்த வேறுபாடு என்று சிலர் சமாதானம் சொல்ல, அடுத்த ஆண்டு வடிவியல் தாளில் சோதித்தார்கள். சிதறல் இன்னும் அகன்றது. நானும் சிறந்த கட்டுரை ஒன்றைத் திருத்திய கையோடு எடுத்த அடுத்த தாளுக்குக் கஞ்சத்தனம் காட்டியதுண்டு.

கேள்வி (ஜாலான் ஈப்போ): நம் மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு போனபின் என் மகளுக்குத் 'தேர்ச்சி நிலை 4' என்று மட்டும் வருகிறது. அது பி-யா, சி-யா?

பதில்: இரண்டும் இல்லை, அம்மா. 1988-இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நிறுத்தப்பட்டது, '7ஏ' (ஏழு பாடத்திலும் ஏ) என்று பேசிப் பழகிய நமக்கு அந்தப் பழக்கம் மட்டும் நிற்கவில்லை. வகுப்பறை மதிப்பீட்டின் 1 முதல் 6 வரையிலான நிலைகள், பிள்ளை எதைச் செய்ய வல்லவள் என்பதை விவரிக்கின்றனவே தவிர, பக்கத்து இருக்கைக்காரரோடு ஒப்பிடுவதில்லை. ஆகவே, எண்ணை விட்டுவிட்டு, அதற்கு ஆசிரியர் தரும் விளக்கத்தைக் கேளுங்கள். கல்வி ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பெண் இல்லாமல் குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்களே முன்னேறினார்கள். குறிப்புரையோடு மதிப்பெண்ணும் சேர்ந்தபோது அப்பயன் கிட்டவில்லை.

கேள்வி (கெப்போங்): அப்படியானால் ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் தரநிலையையும் ஒழித்துவிடலாமா?

பதில்: கூடாது. குறிப்புரை பிள்ளையை அறிந்தவர்களுக்கு உதவும். மெட்ரிகுலேசன் என்னும் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பில் இடத்தையும் உபகாரச் சம்பளத்தையும் முடிவு செய்பவரோ அவளைப் பார்த்ததே இல்லை. சிபாரிசு செய்ய ஆளில்லாத தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஏ-தான் சிபாரிசுக் கடிதம்.