நாள் கூலியைப் பார்த்தீர்கள், வாரங்களை எண்ணினீர்களா?

வாசகர் கேள்வி – பதில்

*அம்மா, 1880-களில் அமெரிக்காவில் சாதாரணத் தொழிலாளிக்கு நாளுக்கு ஒன்றரை டாலர் கூலி என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அன்றைய விலைவாசிக்கு அது நல்ல கூலிதானே? – பொருளியல் மாணவர்*

தம்பி, நாள் கூலியை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். ஒன்றரை டாலர், வாரம் ஆறு நாள், 52 வாரம் என்று பெருக்கினால் 468 டாலர் வரும். அதே ஆளுக்கு 30 வாரம்தான் வேலை கிடைத்தது என்றால் 270 டாலர். கூலி விகிதம் ஒன்றுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு வாழ்க்கை. அந்தக் காலத்துக் கணக்கைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

இல்லினாய்ஸ் மாநிலத்தின் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் 1884-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை வீடு வீடாக எழுதி அச்சிட்டிருக்கிறார்கள். அதில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் குடும்பம் வருகிறது. கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள். ஆண்டு வருமானம் 250 டாலர், அதுவும் அப்பா ஒருவருடையது மட்டும். அந்த ஆண்டில் அவருக்கு 30 வாரம்தான் வேலை. வேலை இருந்த வாரத்தில் எட்டே கால் டாலருக்குக் கொஞ்சம் மேலே. அதையே ஆண்டு முழுவதற்கும் பரப்பிப் பார்த்தால் வாரத்துக்கு ஐந்து டாலர்கூடத் தேறாது. வெயில் காலத்தில் வீடுகளுக்குக் கணப்புக் கரி வேண்டாம், சுரங்கத்தில் வேலை குறைந்துவிடும்.

வாடகை அப்படிக் குறையாது. இரண்டே அறை, மாதம் 6 டாலர், ஆண்டுக்கு 72. மிச்சம் 178 டாலர். ஏழு பேருக்கும் பிரித்தால் தலைக்கு ஒரு நாளைக்கு ஏழு சென்ட்: சாப்பாடு, துணிமணி, செருப்பு, எரிபொருள், மருந்து எல்லாம் அதற்குள். காலையில் ரொட்டி, காபி, உப்பிட்ட இறைச்சி. மதியம் இறைச்சி, ரொட்டி, வெண்ணெய், காபி. இரவு சாசேஜ், ரொட்டி, காபி. தரையில் விரிப்பு கிடையாது, ஆனால் வீடு துப்புரவாக இருந்தது என்றும் அதிகாரி எழுதியிருக்கிறார். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அந்த அம்மாளை நினைத்துக்கொள்வேன்.

ஆகவே உங்கள் கட்டுரையில் ஒன்றரை டாலரைப் பார்த்ததும், ஆண்டில் எத்தனை வாரம் வேலை கிடைத்தது என்பதைத் தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் அந்தக் கூலியை ‘வருமானம்’ என்று எழுதாதீர்கள்.

*இதையெல்லாம் யார் சேகரித்தார்கள்? அரசாங்க ஆள் வந்து கேட்டால் தொழிலாளி உண்மையைச் சொல்லியிருப்பாரா? – பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்*

ஐயா, தொழிலாளர் புள்ளிவிவரத்துக்கென்றே அமெரிக்காவில் முதலில் அலுவலகம் திறந்த மாநிலம் மாசசூசெட்ஸ், 1869-இல். முதலில் அதை நடத்திய ஹென்றி ஆலிவரும் ஜார்ஜ் மெக்நீலும் தொழிலாளர் பக்கம் நின்றவர்கள். எதிர்ப்பு கிளம்பியது. 1873-இல் கேரல் ரைட் என்ற வழக்கறிஞர் பொறுப்புக்கு வந்தார். புள்ளியியல் படித்தவரில்லை. ஆனாலும் ஆட்களை நேரில் அனுப்பி, வீட்டில் உட்கார்ந்து கேட்டு எழுதிவரும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர் அவர்தான். 1875-இல் 397 குடும்பங்களின் வரவு செலவை வெளியிட்டார். குடும்பத் தலைவரின் சம்பாத்தியம் மட்டும் போதாமல், பிள்ளைகளின் கூலியையும் நம்பியே பல குடும்பங்கள் ஓடின என்று அந்த அறிக்கை வெளிப்படையாகச் சொன்னது. கட்சி சார்பில்லாதவர் என்று பெயரெடுத்த மனிதரின் கையிலிருந்து அது வந்ததால் யாராலும் தள்ளிவிட முடியவில்லை. மத்திய அரசு 1884-இல் இதே வேலைக்கு ஓர் அலுவலகம் அமைத்தபோது அவரையே தலைவராக்கினார்கள்.

உண்மை சொன்னார்களா என்று கேட்கிறீர்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை எழுதியவரைப் பற்றியது. அதே இல்லினாய்ஸ் அறிக்கையில் ஓர் இத்தாலியக் கூலித் தொழிலாளியின் குடும்பம் வருகிறது. ஐந்து பேர், ஒரே அறை, மாத வாடகை 4 டாலர், ஆண்டு வருமானம் 270. இதைப் பதிவு செய்த அதே பேனா, இவர்கள் முழு அறிவிலிகள் என்றும் எழுதிவிட்டுப் போகிறது. 4 டாலர் என்பது கேட்டு எழுதியது. அறிவிலி என்பது வந்தவர் மனத்தில் கொண்டுவந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

*குடும்ப வருமானப் பட்டியல்களில் மனைவியின் கூலிக்கான கட்டம் பெரும்பாலும் காலியாக இருக்கிறதே? பெண்கள் வேலைக்கே போகவில்லையா? – வாசகி*

நல்ல கேள்வி அம்மா. ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது நான் இதில் தவறியிருக்கிறேன். 1889-90-இல் ரைட்டின் மத்திய அலுவலகம் அமெரிக்காவில் 6,809 குடும்பங்களின் கணக்கை எடுத்தது. அதில் ஒரு பகுதியை நான் கணினியில் ஏற்றினேன். கணவன், மனைவி, பிள்ளைகள் என்று வரிசையாகக் கட்டங்கள். மனைவியின் கட்டம் காலியாக இருந்த இடத்திலெல்லாம் பூஜ்யம் போட்டுக்கொண்டே போனேன். சராசரியும் எடுத்து, பெண்கள் பொருளீட்டவில்லை என்று ஒரு பத்தி எழுதியும் கொடுத்துவிட்டேன். என் வழிகாட்டி அம்மா அந்தப் பத்தியைப் படித்துவிட்டு, நான் தாண்டிப் போயிருந்த ஒரு கட்டத்தின் மீது விரலை வைத்தார். வீட்டில் தங்கிச் சாப்பிடும் வெளியாட்களிடமிருந்து வந்த பணம் அது. “இவங்களுக்குச் சமைச்சது யாரு? படுக்கை விரிச்சது யாரு? துணி துவைச்சது யாரு?” என்று கேட்டார். அந்தப் பத்தியை அன்றைக்கே கிழித்தேன்.

வெளியே போய்ச் சம்பாதித்த பெண்கள் பற்றியும் தனிக் கணக்கு உண்டு. பெரிய நகரங்களின் உழைக்கும் பெண்களைப் பற்றி 1888-இல் தொகுத்த அறிக்கையில் 22 நகரங்களைச் சேர்ந்த 17,427 பெண்கள் இருக்கிறார்கள். நேரில் போய்க் கேட்டவர்களில் பெரும்பாலோரும் பெண்களே. இல்லினாய்ஸ் அறிக்கையில் ஒரு மெஷினிஸ்ட், அதாவது இயந்திரப் பட்டறைத் தொழிலாளி, குடும்பத்தைப் பாருங்கள்: அப்பா 540 டாலர், அம்மா 255, மகன் 255, ஆக 1,050. பத்துப் பேர் உள்ள வீடு, பியானோகூட இருந்தது. அப்பாவின் கூலியை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தப் பியானோ எப்படி வந்தது என்று புரியவே புரியாது.

*அப்படியானால் இந்த 6,809 குடும்பங்களை வைத்து அன்றைய அமெரிக்கத் தொழிலாளியின் சராசரி வருமானத்தைச் சொல்லிவிடலாமா? – அதே வாசகி*

முடியாது. இறக்குமதி வரி விவாதத்துக்காக உற்பத்திச் செலவை ஒப்பிட எடுத்த கணக்கு அது. நிலக்கரி, கோக் கரி, இரும்புத் தாது, கச்சா இரும்பு, பட்டை இரும்பு, எஃகு, பருத்தி, கம்பளி, கண்ணாடி என்ற ஒன்பது தொழில்கள்தான் உண்டு. தச்சரும் இல்லை, தையற்காரியும் இல்லை, பண்ணைக் கூலியும் இல்லை.

*மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கும்போது இந்தப் பழைய மாநில அறிக்கைகளை ஏன் தோண்ட வேண்டும்? – நூலகர்*

ஐயா, 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் வீட்டுவாரித் தாள்கள் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் இருந்தன. 1921 ஜனவரியில் அங்கே தீப்பிடித்தது. எரிந்தது போக, தண்ணீரில் நனைந்தது போக மிஞ்சியதையும் பிறகு அரசே அழித்துவிட்டது. சில துண்டுகள்தான் இன்று இருக்கின்றன. ஒரு தலைமுறையின் வீடுகளும் பிள்ளைகளும் பிறந்த ஊர்களும் அந்தத் தாள்களோடு போய்விட்டன. இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

மாநில அறிக்கைகள் பிழைத்ததற்குக் காரணம், கூட்டுத்தொகையோடு நிறுத்தாமல் ஆள் ஆளாக அச்சிட்டுப் பல நூலகங்களுக்கு அனுப்பியதுதான். 1889-இல் மிச்சிகன் மாநிலம் மரச்சாமான் தொழிலாளர்களிடம் எடுத்த கணக்கு அப்படிப்பட்டது. ஓர் ஆளுக்கு ஒரு வரி: வயது, பிறந்த நாடு, மணமானவரா, வாரக் கூலி, வீடு சொந்தமா. உங்கள் நூலகத்தில் இந்த அறிக்கைகளின் பழைய தொகுதி ஒன்றாவது இருந்தால், யாரும் இரவல் கேட்கவில்லை என்று கழித்துவிடாதீர்கள்.